பழம்படைக் கைத்துப்பாக்கிகளும் அவற்றைத் திரட்டுவோரும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



ஆண்டு விழா மேடையில் இலக்கியச் சொற்பொழிவு கேட்டுப் பழகிய சபை இது. அச்சபையின் முன் அமெரிக்க நாட்டுப் பழைய துப்பாக்கிகளைப் பற்றிப் பேச வந்து நிற்கும் என் துணிச்சலை நீங்கள் பொறுத்தருள வேண்டும். எறும்புக்கும் அரிசி மாவில் கோலம் இடும் நம் வீட்டுத் தாய்மார்கள், "இவருக்கு ஏன் இந்த வேண்டாத விஷயம்?" என்று எண்ணக்கூடும். நான் துப்பாக்கி சுடுபவன் அல்லன். துப்பாக்கி வைத்திருப்பவனும் அல்லன். இயந்திரப் பட்டறையில் வாழ்நாளைக் கழித்தவன். ஓர் இரும்புத் துண்டைக் கையில் எடுத்தால், அதனை எந்த அரம் அராவியது, எந்தக் கடைசல் இயந்திரம் கடைந்தது என்று பார்ப்பது என் பழக்கம். என் மகள் அமெரிக்க நாட்டில் குடியிருந்தபோது, அங்குள்ள அருங்காட்சியகங்களில் இவ்வாறு பார்த்துப் பார்த்து எனக்கு ஏற்பட்ட ஈடுபாடே இந்தப் பேச்சுக்குக் காரணம்.

மற்றுமொரு காரணமும் உண்டு. நாம் குடியிருக்கும் இந்த ஊருக்கும் அந்தத் துப்பாக்கிக்கும் ஒரு பழைய தொடர்பு இருக்கிறது. அதனை முதலில் கூறிவிடுகிறேன்.

1830-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் பாஸ்டன் துறைமுகத்திலிருந்து 'கோர்வோ' என்ற பாய்மரக் கப்பல் கல்கத்தாவுக்குப் புறப்பட்டது. அதில் பதினாறு வயதுச் சிறுவன் ஒருவன் எடுபிடி மாலுமியாகச் சேர்ந்திருந்தான். அவன் பெயர் சாமுவேல் கோல்ட். கப்பல் கடலில் மிதந்த நீண்ட நாள்களில் அவன் ஒரு பேனாக்கத்தியால் மரத்துண்டுகளைச் செதுக்கிக்கொண்டிருந்தான். பல அறைகள் கொண்ட ஓர் உருளை, அது சுழலும், சுழன்று ஒவ்வோர் அறையும் குழலுக்கு நேராக வந்து பூட்டிக்கொண்டு நிற்கும். இதுவே அவன் மனத்தில் எழுந்த எண்ணம். கப்பலின் சுக்கான் சக்கரம் சுழன்று நிற்பதைக் கண்டு இவ்வெண்ணம் உதித்தது என்று ஒரு கதை வழங்குகிறது. இங்கிலாந்தில் எலிஷா காலியர் என்பார் 1818-ஆம் ஆண்டிலேயே காப்புரிமை பெற்ற சுழல் துப்பாக்கியை அவன் எங்கேனும் கண்டிருக்கலாம் என்று ஐயுறுவோரும் உளர். கோல்ட் பிற்காலத்தில் விளம்பரக் கலையில் பெரிய வித்தகர் ஆனவர். ஆகவே சக்கரக் கதையை அதற்குரிய அளவிலே நம்பினால் போதும். ஆயினும் அந்த மரத்துண்டுகள் பொய்யல்ல. அவை கனெக்டிகட் மாநிலத்து ஹார்ட்ஃபர்ட் நகரில், வாட்ஸ்வொர்த் அதீனியம் என்னும் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன.

ஊர் திரும்பிய இளைஞனிடம் துப்பாக்கி செய்யப் பணம் இல்லை. 'நியூயார்க், லண்டன், கல்கத்தா நகரங்களின் புகழ்பெற்ற டாக்டர் கோல்ட்' என்று பெயரின் எழுத்தைச் சற்றே மாற்றி விளம்பரம் செய்துகொண்டு, ஊர் ஊராகச் சென்று, மக்களுக்குச் சிரிப்பூட்டும் வாயுவை முகரக் கொடுத்துக் காசு திரட்டினார். கல்கத்தாவில் அவர் எந்த மருத்துவமும் பயின்றதில்லை. இருந்தாலும் அந்நாளில் நம் ஊரின் பெயருக்கு அமெரிக்கச் சந்தைகளில் அத்தகைய மதிப்பு இருந்தது என்று நாம் மகிழ்ந்துகொள்ளலாம்!

இனி விஷயத்துக்கு வருவோம்.

அமெரிக்க ஐக்கிய நாடு கிழக்குக் கடற்கரையிலிருந்து மேற்கு நோக்கிப் பரவிய காலத்தை 'எல்லைப்புறக் காலம்' என்று கூறுவர். குடியேற்றம் முடியும் இடமாக ஒரு கோட்டை இனிக் காட்ட முடியாது என்று 1890-ஆம் ஆண்டின் மக்கள் தொகைக் கணக்கெடுப்பை நடத்தியோர் அறிவித்தனர். அதோடு அக்காலம் முடிந்தது என்பது வழக்கு. அந்தக் காலத்தில் அரசாங்கம் தன் குதிரைப்படைக்கும் பீரங்கிப்படைக்கும் வழங்கிய கைத்துப்பாக்கிகளைத் தேடித் திரட்டுவோர் இன்று அந்நாட்டில் ஏராளமாக உள்ளனர். 1898-ஆம் ஆண்டிலோ அதற்கு முன்போ செய்யப்பட்ட துப்பாக்கியை அவர்களுடைய 1968-ஆம் ஆண்டுச் சட்டம் 'பழம்பொருள்' என்று தனியே வகுத்திருப்பதால், இத்துறை அங்கே செழித்து வளர்ந்திருக்கிறது.

தொடக்கத்தில் இருந்தவை ஒரே குண்டு போடும் சிக்கிமுக்கித் துப்பாக்கிகள். குழலின் வாய்வழியாக மருந்தைக் கொட்டி, குண்டை இட்டு, கோலால் திணித்து, குதிரையை இழுத்து விட்டால், கல் எஃகில் உரசித் தீப்பொறி தெறிக்கும். வர்ஜீனியாவின் ஹார்ப்பர்ஸ் ஃபெரி அரசுப் படைக்கலச் சாலையில் செய்யப்பட்ட 1805-ஆம் ஆண்டு மாதிரியே தேசியப் படைக்கலச் சாலை ஒன்றில் உருவான முதற் கைத்துப்பாக்கி. இதில் ஓர் அழகு உண்டு. குதிரை வீரன் சேணத்தின் இரு புறமும் இரண்டு துப்பாக்கிகளைச் செருகிக்கொள்வான். ஆகையால் இவற்றை இரட்டை இரட்டையாகச் செய்து, இரண்டுக்கும் ஒரே எண்ணைப் பொறித்தார்கள். இருநூறு ஆண்டுகளில் இந்த இரட்டைகள் பிரிந்து எங்கெங்கோ போய்விட்டன. தன்னிடம் உள்ள ஒன்றின் எண்ணையே உடைய மற்றொன்று எங்கேனும் கிடைக்காதா என்று ஆயுள் முழுதும் தேடுபவர் உண்டு. அந்நாட்டு இராணுவப் போலீஸின் சின்னத்தில் குறுக்காக வைக்கப்பட்டிருக்கும் இரு துப்பாக்கிகள் இவையே.

அடுத்து வந்தது கேப்பு முறை. தீபாவளிக்கு நம் குழந்தைகள் பொட்டுக் கேப்பை வைத்துப் பொம்மைத் துப்பாக்கியில் அடிக்கிறார்கள் அல்லவா? அதே தத்துவம்தான். அடி பட்டால் வெடிக்கும் மருந்தைச் சிறு செப்புக் குல்லாயில் அடைத்து, அதனை ஒரு காம்பின் மீது மாட்டி வைப்பார்கள். மழையில் நனைந்து போகும் சிக்கிமுக்கிக்கு இஃது எவ்வளவோ மேல். அரசாங்கம் கையிருப்பில் இருந்த பழைய சிக்கிமுக்கித் துப்பாக்கிகளையும் கேப்பு முறைக்கு மாற்றி அமைத்தது.

இங்கே திரட்டுவோர் உலகின் ஒரு வேடிக்கையைச் சொல்ல வேண்டும். சிக்கிமுக்கி உருவுக்கு விலை அதிகம் என்று கண்ட பிற்கால வணிகர்கள், படைக்கலச் சாலையில் முறைப்படி மாற்றப்பட்ட துப்பாக்கியை மீண்டும் சிக்கிமுக்கியாக மாற்றினார்கள்! முதல் மாற்றம் சரித்திரம். இரண்டாவது மாற்றம் அந்தச் சரித்திரத்தை அழிக்கும் காரியம். தெரிந்தவர்கள் துப்பாக்கியின் பக்கவாட்டில் பழைய துளையை அடைத்த தடத்தைத் தேடிக் கண்டுபிடித்து விடுவார்கள்.

கோல்ட்டின் முதற் சுழல் துப்பாக்கிக்கு 1836-ஆம் ஆண்டு பிப்ரவரி 25-ஆம் தேதி அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது. நியூஜெர்சியின் பேட்டர்சன் நகரில் அமைந்த தொழிற்சாலை சில ஆண்டுகளில் நொடித்துப் போயிற்று. அந்தத் துப்பாக்கிகளில் சில டெக்ஸாஸ் குடியரசின் கடற்படையிடம் சென்று, அங்கிருந்து ரேஞ்சர்கள் என்னும் எல்லைக்காவல் படையினரின் கைக்கு வந்தன. 1844-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் வாக்கர்ஸ் கிரீக் என்னும் இடத்தில், ஜான் காஃபி ஹேஸ் தலைமையில் சென்ற சிறு ரேஞ்சர் கூட்டம் தன்னைவிடப் பன்மடங்கு பெரிய கோமாஞ்சிப் பழங்குடி வீரர் கூட்டத்தை எதிர்த்து வென்றது. அதுவரை நிலைமை வேறு. வெள்ளையர் ஒரு முறை சுட்டுவிட்டு மீண்டும் மருந்து திணிப்பதற்குள், குதிரையின் மீதிருந்தபடியே கோமாஞ்சி வில்லாளி அம்புகளைத் தொடர்ந்து தொடுத்துவிடுவான். ஐந்து அறைகள் கொண்ட உருளை அந்தக் கணக்கை ஒரே நாளில் மாற்றிவிட்டது. கோமாஞ்சியரின் வீரம் குறைந்துவிடவில்லை. அடுத்த குண்டுக்கு இடையில் இருந்த அந்த இடைவேளைதான் மறைந்துவிட்டது.

அச்சண்டையில் காயமுற்ற ரேஞ்சர்களில் சாமுவேல் வாக்கர் என்பவர் பின்னர் மெக்சிகோப் போரில் படைத்தலைவர் ஆனார். அவரும் கோல்ட்டும் சேர்ந்து வடிவமைத்ததே 1847-ஆம் ஆண்டின் வாக்கர் துப்பாக்கி. ஆறு அறைகள், 9 அங்குலக் குழல், எடை இரண்டு கிலோவுக்கும் சற்று அதிகம். இடுப்பில் தாங்காது, சேணத்தில்தான் தொங்கவிட வேண்டும். அப்போது கோல்ட்டுக்குச் சொந்தத் தொழிற்சாலை இல்லை. ஆகவே எலி விட்னி என்னும் இளையவரின் தொழிற்சாலையில் அரசாங்கத்துக்காக 1,000 துப்பாக்கிகளும், வெளியாருக்காகச் சுமார் 100-ம் செய்யப்பட்டன. இரண்டு துப்பாக்கிகளைப் பரிசாகப் பெற்றுக்கொண்ட வாக்கர், சில நாள்களிலேயே, 1847 அக்டோபர் 9-ஆம் தேதி ஹுவமாண்ட்லா என்னும் ஊரில் போரில் மாண்டார்.

வாக்கர் துப்பாக்கியின் உருளை மீது ஒரு சித்திரம் பதிக்கப்பட்டிருக்கும். காகிதப் பண நோட்டுகளுக்கு அச்சுத்தகடு செதுக்கிய ஆர்ம்ஸ்பி என்பவர் வரைந்தது அது. குதிரை மேல் ரேஞ்சர்கள் துரத்த, கோமாஞ்சியர் ஓடுவர். எஃகு அச்சை உருட்டி இதனைப் பதித்தார்கள். படைத்துறைத் துப்பாக்கிகளில் இச்சித்திரம் பெரும்பாலும் தேய்ந்து போயிருக்கும். சேணத்தின் தோலுறையில் ஆண்டுக்கணக்காக உராய்ந்த தேய்வு அது. ஒரு கோடு, ஒரு குதிரையின் கால், ஒரு தொப்பி எஞ்சியிருந்தாலும் திரட்டுவோர் பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு பரவசப்படுவார்கள். நான் அந்தச் சித்திரத்தைக் கண்ணாடிப் பெட்டிக்கு வெளியே நின்று பார்த்தபோது எனக்கு வேறோர் எண்ணம் எழுந்தது. அந்தச் சண்டையைக் கோமாஞ்சியர் வரைந்திருந்தால் எப்படி வரைந்திருப்பார்கள்? அவர்களிடம் எஃகு அச்சு இல்லை. ஆகவே ஒரு தரப்பின் சித்திரம் ஆயிரத்து நூறு உருளைகளில் பதிந்தது. மறு தரப்பின் சித்திரம் ஓர் உருளையிலும் இல்லை.

வாக்கர் துப்பாக்கியில் ஒரு பெருங்குறை இருந்தது. மருந்து மிகுதியாகப் பிடிக்கும் உருளை. அக்காலத்து இரும்பு அந்த வேகத்தைத் தாங்கவில்லை. பல உருளைகள் வெடித்துப் பிளந்தன. ஆகவே பிழைத்தவை மிகச் சில. அரசாங்கத் துப்பாக்கிகளில் 'ஏ' முதல் 'ஈ' வரை ஐந்து படைப்பிரிவுகளின் எழுத்தும் எண்ணும் பொறிக்கப்பட்டிருக்கும். நல்ல நிலையில் பெட்டியுடன் எஞ்சிய வெளியார் துப்பாக்கி ஒன்று 2018-ஆம் ஆண்டில் 18 லட்சத்து 40 ஆயிரம் டாலருக்கு ஏலம் போயிற்று.

இடைக்காலத்து மாதிரிகளை நான் விரைந்து கடந்து செல்கிறேன். 1851-ஆம் ஆண்டின் 'நேவி', 1860-ஆம் ஆண்டின் 'ஆர்மி', ரெமிங்டன் தொழிற்சாலையாரின் துப்பாக்கிகள் எனப் பல. கோல்ட் 1853-ஆம் ஆண்டு முதல் சில ஆண்டுகள் லண்டனிலும் ஒரு தொழிற்சாலை நடத்தினார். அங்கே செய்யப்பட்ட 'நேவி' துப்பாக்கிகள் 1857-ஆம் ஆண்டு எழுச்சியின்போது ஆங்கிலேய அதிகாரிகளின் இடுப்பில் நம் நாட்டுக்கு வந்தன. கல்கத்தாக் கப்பலில் மரமாகப் பிறந்த எண்ணம், இருபத்தேழு ஆண்டுகளுக்குப் பின் எஃகாக மாறி, நம் நாட்டு வீரர்களைக் குறிபார்த்துத் திரும்பி வந்தது.

ரோலின் வைட் என்பவரின் கதையை மட்டும் விட மனமில்லை. தோட்டாவைப் பின்புறத்திலிருந்து செருகும்படி உருளையை முழுதும் ஊடுருவித் துளைக்கலாம் என்று 1855-ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்றவர் அவர். ஸ்மித்–வெஸ்ஸன் கூட்டாளிகள் அந்த உரிமையைப் பெற்று, துப்பாக்கிக்கு 25 சென்டு வீதம் அவருக்குக் கொடுத்தார்கள். ஆனால் பிறர் அந்த உரிமையை மீறினால் வழக்காடும் பொறுப்பு வைட்டையே சாரும் என்று ஒப்பந்தத்தில் எழுதிவிட்டார்கள். வந்த பணம் வக்கீல்களிடம் போயிற்று. காப்புரிமையை நீட்டித்துத் தருமாறு அவர் வேண்ட, அதற்கான மசோதாவை 1870-ஆம் ஆண்டில் குடியரசுத் தலைவர் கிராண்ட் மறுத்துத் திருப்பி அனுப்பினார். ஒப்பந்தத்தில் கையெழுத்திடுமுன் கடைசிப் பக்கத்தையும் படிக்க வேண்டும் என்று நான் என் பட்டறை இளைஞர்களுக்கு இக்கதையைச் சொல்வதுண்டு.

வைட்டின் காப்புரிமை 1869-ஆம் ஆண்டில் முடிந்ததும் கோல்ட் தொழிற்சாலைக்கு வழி திறந்தது. சாமுவேல் கோல்ட் 1862-ஆம் ஆண்டிலேயே காலமாகிவிட்டார். 1864-ஆம் ஆண்டில் தொழிற்சாலை தீக்கிரையாயிற்று. அவருடைய மனைவி எலிசபெத் அதனை மீண்டும் கட்டி எழுப்பினார். தாய்மார்கள் இப்பெயரை நினைவில் வைக்க வேண்டும். மேலே நான் சொன்ன மரத்துண்டுகளை அருங்காட்சியகத்துக்கு விட்டுச் சென்றவரும் அவரே. இவ்வாறு எழுந்த தொழிற்சாலையிலிருந்து 1873-ஆம் ஆண்டில் வெளிவந்ததே 'சிங்கிள் ஆக்ஷன் ஆர்மி' என்னும் துப்பாக்கி. அரசாங்கத்தின் முதல் ஒப்பந்தம் 8,000 துப்பாக்கிகள். ஒன்று 13 டாலர். 1891-ஆம் ஆண்டு வரை அரசாங்கம் வாங்கியவை சுமார் 37,000. வெளியாருக்கு விற்றவை அதனினும் பன்மடங்கு. நீங்கள் திரைப்படங்களில் காணும் துப்பாக்கி இதுதான்.

படைத்துறைத் துப்பாக்கியை எவ்வாறு அடையாளம் காண்பது? சட்டத்தின் இடப்புறத்தில் 'யூ.எஸ்.' என்ற இரண்டு எழுத்துகள். வால்நட் மரக் கைப்பிடியின் அடிப்பகுதியில், அரசாங்கப் பரிசோதகர் பெயரின் முதலெழுத்துகளைக் கொண்ட ஒரு முத்திரை. உருளையிலும் குழலிலும் அவருடைய சிறு குறிகள். முதற் பரிசோதகர் ஆர்வில் ஏன்ஸ்வொர்த். அவருக்குப் பின் ஹென்ரி நெட்டில்டன், டேவிட் கிளார்க், ரினால்டோ கார் முதலியோர். இவர்கள் போர்க்களம் காணாதவர்கள்; அளவு கோலும் விளக்கும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த எளிய ஊழியர்கள். காசிப்பூர், இச்சாப்பூர் தொழிற்சாலைகளில் பரிசோதனைப் பிரிவில் பணியாற்றிய அன்பர்கள் இச்சபையில் இருக்கலாம். ஒரு பொருளின் மீது தம் முத்திரையை இடும்போது அவர்கள் மனத்தில் எழும் அச்சத்தை அவர்களே அறிவார்கள். தளபதிகளின் பெயரை மறந்துவிட்ட இன்றைய உலகில் ஏன்ஸ்வொர்த்தின் மூன்று எழுத்துகளுக்குப் பல்லாயிரம் டாலர் விலை இருக்கிறது!

ஏன்? மாண்டானாப் பகுதியில் லிட்டில் பிக்ஹார்ன் ஆற்றங்கரையில், 1876-ஆம் ஆண்டு ஜூன் 25, 26 தேதிகளில், கஸ்டர் என்பவர் தலைமையில் சென்ற ஏழாம் குதிரைப்படையை லகோட்டா, செயன் முதலிய பழங்குடி மக்கள் எதிர்த்து முறியடித்தார்கள். படையினர் 260 பேருக்கு மேல் மாண்டனர். அந்தப் படையின் கையில் இருந்தவை ஏன்ஸ்வொர்த் பரிசோதித்த தொடக்ககாலத் துப்பாக்கிகள். மாண்டவர்களின் துப்பாக்கிகளை வென்றவர்கள் எடுத்துச் சென்றார்கள். ஆகவே ஏன்ஸ்வொர்த் முத்திரையுள்ள எந்தத் துப்பாக்கியும், "அன்று அங்கே இருந்திருக்கலாம்" என்ற ஓர் 'இருக்கலாம்' என்னும் சொல்லைச் சுமந்து நிற்கிறது. அந்தச் சொல்லுக்கே விலை.

இந்த இடத்தில்தான் வஞ்சகர் நுழைகிறார்கள். வெளியார் வாங்கிய சாதாரணத் துப்பாக்கியில் 'யூ.எஸ்.' எழுத்துகளைப் புதிதாகக் குத்துகிறார்கள். கைப்பிடியில் போலி முத்திரை இடுகிறார்கள். இத்தாலி நாட்டுப் பட்டறைகள் 1950-களின் பிற்பகுதியிலிருந்து செய்துவரும் புதுப்பிரதிகளை வாங்கி, அந்நாட்டுப் பரிசோதனைக் குறிகளை அராவி எடுத்துவிட்டு, அமிலத்தில் தோய்த்துப் பழமை ஏற்றுகிறார்கள். பட்டறைக்காரன் கண்ணுக்கு இதில் பல தடயங்கள் தெரியும். மெருகிடுமுன் குத்திய எழுத்தின் விளிம்பு மெருகோடு சேர்ந்து மழுங்கியிருக்கும்; பின்னால் குத்தியதன் விளிம்பில் உலோகம் பிதுங்கி நிற்கும். சுற்றுப்புறம் எல்லாம் தேய்ந்திருக்க, எழுத்து மட்டும் கூர்மையாக இருந்தால், அது பொய் சொல்கிறது என்று பொருள்.

பெரும்பாலோர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. துப்பாக்கியின் பல உறுப்புகளில் ஒரே வரிசை எண் பொறிக்கப்பட்டிருக்கும். எல்லா எண்களும் ஒத்திருந்தால்தான் அது கலப்பற்றது என்று திரட்டுவோர் கொள்வர். ஆனால் 1895 முதல் 1903 வரை அரசாங்கம் பழைய துப்பாக்கிகளைத் திரும்பப் பெற்று, ஏழரை அங்குலக் குழலை ஐந்தரை அங்குலமாக வெட்டி, உறுப்புகளைக் கழற்றி, மெருகிட்டு, எண்களைப் பாராமல் கலந்து மீண்டும் பூட்டியது. முதலில் பீரங்கிப் படைக்கு அளித்ததால் இவற்றை 'ஆர்ட்டிலரி மாதிரி' என்பர். பிலிப்பைன்ஸ் தீவுகளில் நடந்த போரில், புதிய 38 அளவுத் துப்பாக்கி போதாது என்று கண்டபோது கைகொடுத்தவை இவையே. ஆகவே இந்த வகையில் எண்கள் கலந்திருப்பதே இயல்பு! எண்கள் ஒத்திருந்தால்தான் ஐயப்பட வேண்டும். இதனை அறியாமல், கலந்த எண்களை 'ஒழுங்குபடுத்தி' அழித்தவர்கள் உண்டு. வெட்டிய குழலை ஒட்டு வைத்து நீட்டிக் குதிரைப்படைத் துப்பாக்கி என்று விற்றவர்களும் உண்டு.

ஸ்கோஃபீல்ட் என்ற படை அதிகாரி திருத்தி அமைத்த ஸ்மித்–வெஸ்ஸன் துப்பாக்கியும் 1875-ஆம் ஆண்டு முதல் படைக்கு வந்தது. நடுவில் மடங்கித் திறக்கும்; காலித் தோட்டாக்கள் யாவும் ஒரே நொடியில் வெளியே விழும்; குதிரை மீதிருப்பவனுக்கு மிக வசதி. ஆனால் கோல்ட்டின் தோட்டா அதனுள் நுழையாது, நீளம் அதிகம். இரண்டு வகைத் துப்பாக்கியும் ஒரு படையில் இருந்து, தவறான தோட்டாப் பெட்டி வந்து சேர்ந்தால் என்ன ஆகும் என்பதை வீட்டில் இரண்டு வகை எரிவாயு உருளை வைத்திருப்பவர்கள் அறிவார்கள். சிறந்த பொருள் கிடங்குக் கணக்கால் தோற்றது. ஸ்கோஃபீல்டும் 1882-ஆம் ஆண்டில் தம் உயிரைத் தாமே போக்கிக்கொண்டார்.

திரட்டுவோர் முதலில் கற்கும் பாடம் இரண்டு. ஒன்று, கையில் வந்த பழைய துப்பாக்கியின் குழலுக்குள் ஒரு குச்சியை விட்டு, ஆழத்தை அளந்து பார்ப்பது. நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் யாரோ திணித்த மருந்தும் குண்டும் இன்னும் உள்ளே இருக்கலாம். உலர்ந்த கருமருந்துக்கு மூப்பு இல்லை. இரண்டாவது, துடைத்துப் பளபளப்பாக்காமல் இருப்பது. இந்த இரண்டாவதைப் பற்றி என் வீட்டுக் கதை ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

எங்கள் வீட்டில் ஒரு வெண்கலச் செம்பு இருந்தது. என் பாட்டியார் திருமணமாகி வந்தபோது அவர் பிறந்த வீட்டார் கொடுத்த சீர். கழுத்தின் கீழே புள்ளி புள்ளியாக அவர் பெயர் வெட்டியிருந்தது. நான் வேலைக்குச் சேர்ந்து முதன்முறையாகப் பெற்றோரை இவ்வூருக்கு அழைத்திருந்த தீபாவளியன்று, அவர்களை மகிழ்விக்க எண்ணி, பாசம் பிடித்துக் கறுத்திருந்த அந்தச் செம்பைப் பட்டறைக்கு எடுத்துச் சென்று, மெருகுச் சக்கரத்தில் கொடுத்துப் பொன்போல் ஆக்கிக்கொண்டு வந்தேன். என் தந்தையார் அதை வாங்கிக் கட்டை விரலால் கழுத்தைத் தடவிப் பார்த்தார். ஒரு முறை சுற்றிப் பார்த்தார். "நன்றாய் மின்னுகிறது" என்று சொல்லிக் கீழே வைத்துவிட்டார். என் பாட்டியார் பள்ளிக்கூடம் போனவர் அல்லர். நிழற்படம் எடுத்துக்கொண்டவரும் அல்லர். அவருடைய பெயர் எழுத்தில் இருந்த ஒரே இடம் அதுதான் என்பது எனக்குப் பின்னரே தெரிந்தது. என் தந்தையார் தம் வாழ்நாளில் அதைப்பற்றி என்னிடம் ஒரு சொல்லும் சொன்னதில்லை.

ஆகையால், அமெரிக்கத் திரட்டாளர் ஒருவர், கைப்பிடி முத்திரையைச் சக்கரத்தில் தேய்த்து அழித்துவிட்ட துப்பாக்கியைக் கையில் வைத்துக்கொண்டு வாய் பேசாமல் நின்றதை நான் கண்டபோது, விலை போயிற்றே என்பதற்காக அவர் நிற்கிறார் என்று எனக்குத் தோன்றவில்லை.

"கொலைக் கருவியை ஏன் போற்றிக் காக்க வேண்டும்?" என்று சென்ற வாரம் நம் சங்கத்து இளம்பெண் ஒருத்தி என்னைக் கேட்டாள். நல்ல கேள்வி. முழு விடை என்னிடம் இல்லை. ஒரு செய்தியை மட்டும் சொல்கிறேன். 1983-ஆம் ஆண்டில் புல்வெளியில் பற்றிய தீ, லிட்டில் பிக்ஹார்ன் போர்க்களத்தின் மண்ணை வெளிக்காட்டியது. அடுத்த ஆண்டு முதல் டக்ளஸ் ஸ்காட், ரிச்சர்ட் ஃபாக்ஸ் என்னும் தொல்லியலாளர்கள் உலோகம் காட்டும் கருவிகளோடு நிலத்தை அங்குலம் அங்குலமாகத் துழாவி, தோட்டாக் கூடுகளையும் குண்டுகளையும் கிடந்த இடத்தோடு குறித்துக்கொண்டார்கள். ஒவ்வொரு துப்பாக்கியின் ஊசியும் தோட்டாவின் பின்புறத்தில் தனக்கே உரிய வடுவை இடும். அதைக்கொண்டு, ஒரே துப்பாக்கி இங்கிருந்து அங்கே நகர்ந்தது என்று கண்டார்கள். நூறு ஆண்டுகளாக அந்த நாட்டு நூல்கள் எழுதிவந்த 'கடைசி நிலை' வீரக்காட்சி அந்த வரைபடத்தில் ஆட்டம் கண்டது. படை ஒழுங்கு குலைந்து சிதறிய தடமே மிகுதியாகத் தெரிந்தது. அங்கே போரிட்ட பழங்குடி வீரர்களின் பேரப்பிள்ளைகள் பன்னெடுங்காலமாகச் சொல்லி வந்தது அதுதான்; கேட்பார் இல்லை. கஸ்டர் பெயரில் இருந்த அந்தப் போர்க்களத்தின் பெயர் 1991-ஆம் ஆண்டில் சட்டத்தால் மாற்றப்பட்டது. 1999-ஆம் ஆண்டு முதல் செயன், லகோட்டா வீரர்கள் வீழ்ந்த இடங்களிலும் சிவப்புக் கற்கள் நடப்படுகின்றன. அந்த மண்ணில் கிடந்த வடுப்பட்ட பித்தளைக் கூடுகளை யாரேனும் முன்பே பொறுக்கி, மெருகிட்டு, மேசை மேல் வைத்திருந்தால் இந்தச் சாட்சியம் கிடைத்திருக்காது.

இங்குள்ளவர்களுக்குப் பயன்படக்கூடிய ஒரு குறிப்பு. நம் நாட்டில் 1959-ஆம் ஆண்டின் படைக்கலச் சட்டம் நடைமுறையில் உள்ளது. பழுது பார்த்தாலும் சுட இயலாத, பழமை மதிப்புடைய படைக்கலத்துக்கு அதன் 45-ஆம் பிரிவு விலக்கு அளிக்கிறது. ஆனால் 'இது சுடாது' என்று நாமே தீர்ப்பெழுதிக்கொள்வது கூடாது. ஊரில் பூட்டிக்கிடக்கும் வீட்டுப் பரணில் முப்பாட்டனாரின் நாட்டுத் துப்பாக்கியோ, கட்டாரியோ கிடப்பதாக யாருக்கேனும் நினைவு வந்தால், அதனை எடுத்துக் கையாளாமல், உரிமம் வழங்கும் அதிகாரிக்கு முதலில் தெரிவியுங்கள். நூறு ஆண்டு கடந்த பழம்பொருள்களை வெளிநாட்டுக்கு எடுத்துச் செல்வதையும் 1972-ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. செம்பு, குத்துவிளக்கு, அஞ்சறைப்பெட்டி ஆகியவற்றுக்குப் படைக்கலச் சட்டம் இல்லை. அவற்றைப் புளி போட்டுத் துலக்குமுன் கழுத்தின் கீழே ஒரு முறை பாருங்கள். எழுத்து இருந்தால், ஒரு மெல்லிய காகிதத்தை வைத்துப் பென்சிலால் தேய்த்துப் படி எடுத்துக்கொள்ளுங்கள். விரும்புவோர் அந்தப் படிகளை எனக்குக் கொடுத்தால், ஊர், குடும்பம், வெட்டிய ஆண்டு ஆகியவற்றோடு ஒரு நோட்டில் ஒட்டி, நம் சங்கத்தின் நூல் நிலையத்தில் வைக்கிறேன். இதுவரை பதினொரு படிகள் சேர்ந்திருக்கின்றன.

திரைக்குப் பின்னால் குழந்தைகள் வேடம் கட்டிக்கொண்டு காத்திருக்கிறார்கள். கட்டபொம்மனின் மீசை கீழே விழுமுன் நான் மேடையை விட்டு இறங்க வேண்டும் என்று செயலாளர் கைகாட்டுகிறார்.